வர இயலாமைக்கு வருந்துகிறேன்

அத்தியாயம் 14

“நீங்கதான் வரலைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா!”

கல்லூரியின் அயல்கல்வி அலுவலகத்தில் இருப்பவரை எல்லாரும் பாஸ்போர்ட் மேடம் என்றுதான் அழைப்பார்கள்; அவர் இதைச் சொன்ன விதத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ‘இன்னைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி’ என்பது போலச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பை இழுத்தார்.

மிளகுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று எண்ணினாள்.

“மேடம், நான் மண்ணியல் துறை. மூணாம் வருஷம். விசாவுக்கு ஃபோட்டோ குடுக்கலாம்னு வந்தேன்.”

“தெரியுதும்மா. மண்ணியல், ஒரே சீட்டு, அது நீங்கதான். நேத்து சாயங்காலம் வரைக்கும்.”

சிரிப்பு பாதியில் நின்றது.

மிளகு என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாளாம். அழுகை மட்டும் தெருக்கோடி வரை கேட்டதாம். ஆறு வயது மூத்தவளான அக்கா வைத்த பெயர் அது. பள்ளிக்கூடம் தாண்டி, கல்லூரி வரைக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

கடல் தாண்டி ஒரு கல்லூரியில் பத்து மாதம் படிக்கத் தேர்வானவர்களின் பட்டியல் மூன்று வாரத்துக்கு முன்பு வெளியானபோது, அதில் அவள் பெயரை முதலில் பார்த்துக் கூச்சல் போட்டதும் அக்காதான். விண்ணப்பத்தை வரிக்கு வரி திருத்திக் கொடுத்ததும் அக்காதான். அப்பா மட்டும், “மண்ணைப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்க என்ன மண்ணுக்குப் பஞ்சமா?” என்று ஒரு வாரம் முனகினார். பிறகு அவரே கம்பளிச் சட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி வாங்கியாகிவிட்டது. கிளம்ப இன்னும் இருபத்திரண்டு நாள்.

“நான் எதுவும் எழுதலையே மேடம்.”

பாஸ்போர்ட் மேடம் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

‘மதிப்பிற்குரியீர், அயல்கல்வித் திட்டத்தின் கீழ் 5 (ஐந்து) மாத காலப் படிப்பிற்கு என்னைத் தேர்வு செய்தமைக்கு நன்றி. தவிர்க்க இயலாத குடும்பச் சூழ்நிலை காரணமாக இவ்வாய்ப்பை ஏற்க முடியாத நிலையில் உள்ளேன். இது நான் சுயநினைவுடனும், எவர் வற்புறுத்தலும் இன்றியும் எடுத்த முடிவாகும். வர இயலாமைக்கு வருந்துகிறேன்.’

கீழே அவள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுருட்டி மேலே கொண்டுபோகும் அதே கையெழுத்து.

மிளகு தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

“இது... கையெழுத்து என்னோடதுதான். ஆனா நான் போடல.”

“உங்க மெயில்லேர்ந்துதான் வந்திருக்கு. போன செவ்வாய்க்கிழமை, காலைல பதினொண்ணு இருபது. வந்து சேர்ந்துதுன்னு நாங்க பதிலும் போட்டோம்.”

“எனக்கு வரவே இல்லையே!”

பாஸ்போர்ட் மேடம் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடமாக மாணவர்களின் பொய்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கண்கள். இது பொய்யா நிஜமா என்று ஒரு நொடி எடைபோட்டன.

“இங்க பாரும்மா. எழுதிக் குடுத்துட்டு மனசு மாறி ஓடி வர்றவங்க எல்லாரும் ‘நான் எழுதல’ன்னுதான் சொல்வாங்க. நிஜமாவே வேற யாரோ உங்க பேர்ல அனுப்பியிருந்தா, இந்தாங்க, இதைப் பூர்த்தி பண்ணுங்க.”

ஒற்றைத் தாள். ஏழு கேள்விகள். பாஸ்போர்ட் மேடத்தின் பேனா முனை ஆறாவது கேள்வியைத் தொட்டது.

‘கடிதத்தை எழுதியவர் யார்? தங்களுக்கு என்ன உறவு?’

“இதுல பேர் இல்லாம வாங்க மாட்டேன். பேர் எழுதினா விசாரணை வரும். ஆள் யாரா இருந்தாலும் சும்மா விட மாட்டாங்க. அடுத்த பொண்ணு நாலு மணிக்குள்ள சம்மதக் கையெழுத்துப் போடணும். அவ போட்டுட்டா, அதுக்கப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

“அடுத்த பொண்ணு யாரு மேடம்?”

கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

*

மண்ணியல் ஆய்வகத்தில் சல்லடைகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல் ஒன்றுதான் அந்தத் துறையில் உண்டு. அதனால்தான் அவளுக்கு அலாரம் என்று பெயர். மூன்று வருடமாக மிளகின் பக்கத்து இருக்கை.

மிளகைக் கண்டதும் அலாரம் சல்லடை இயந்திரத்தை நிறுத்தினாள்.

“ஏன்டி இப்படிப் பண்ணினே? உன்கிட்ட எப்படிப் பேச்சை எடுக்கிறதுன்னு காலைலேர்ந்து முழிச்சுக்கிட்டிருக்கேன். வரலைன்னு எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை...”

“நடிக்காதே.”

“என்ன?”

“போன மாசம் எங்கப்பா பத்திரம் எழுதற கடைல உட்கார்ந்து ஒரு மணி நேரம் ப்ரிண்ட் எடுத்தியே, அப்ப என் மெயில் திறந்துதானே இருந்தது? என் கையெழுத்து ஸ்கேன் பண்ணி அதே கம்ப்யூட்டர்லதானே இருந்தது?”

அலாரம் கையுறையைக் கழற்றினாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக.

“உன் சீட்டைத் திருடணும்னா நான் ஏன்டி கடைக்கு வந்து கஷ்டப்படணும்? மூணு வருஷமா பரீட்சைல உன் பக்கத்துலதான் உட்கார்றேன். உன் பேப்பரைத் திருடியிருப்பேனே. அது எவ்வளவு சுலபம்!”

மிளகு, பாஸ்போர்ட் மேடம் கொடுத்த கடித நகலை நீட்டினாள். அலாரம் வாங்கிப் படித்தாள். இரண்டாம் வரியிலேயே அவள் புருவம் ஏறிவிட்டது.

“‘சுயநினைவுடனும் எவர் வற்புறுத்தலும் இன்றியும்’... என்னடி இது, படிப்பை வேண்டாம்னு சொல்றியா, தோட்டத்தை எழுதி வைக்கிறியா? எனக்கு இப்படியெல்லாம் எழுத வருமா? நான் லீவ் லெட்டரே மூணு தப்போட எழுதறவ.”

“நெட்ல பார்த்து எழுதியிருப்பே.”

“சரி, எழுதியிருப்பேன். இதையும் நெட்லயா பார்த்தேன்?” அலாரம் தாளை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். “5, அடைப்புக்குள்ள ஐந்து. எண்ணாலயும் எழுத்தாலயும். எந்தக் காலேஜ் பொண்ணு இப்படி எழுதுவா? இப்படி எழுதற இடம் எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். அங்க உட்கார்ந்துதான் நான் ப்ரிண்ட் எடுத்தேன்.”

மிளகு தாளைத் திரும்ப வாங்கி அந்த எண்ணைப் பார்த்தாள்.

அவள் வீட்டில் கடைக்கு எழுதும் சாமான் சீட்டில்கூட ‘சோப்பு 2 (இரண்டு)’ என்றுதான் இருக்கும். அக்காவும் அவளும் அதைச் சொல்லிச் சொல்லி அப்பாவைக் கேலி செய்வார்கள்.

“நான் உன்னைப் போய்...”

“அதையெல்லாம் அப்புறம் ஆற அமர உட்கார்ந்து திட்டறேன். இப்ப ஓடு.” அலாரத்தின் குரல் முதல் முறையாகத் தாழ்ந்தது. “மிளகு, ஒண்ணு சொல்லிடறேன். நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும். மூணு ஐம்பத்தொன்பது வரைக்கும் போட மாட்டேன். அதுக்கு மேல நானும் மனுஷிதான். இந்தச் சீட்டுக்கு நானும்தானே ராப்பகலாப் படிச்சேன்?”

*

பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மூன்றாவது கடை. இரண்டு மேசை, இரண்டு கணினி, ஒரு அச்சு இயந்திரம். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. இருபத்தாறு வருடமாக அப்பா அங்கே உட்கார்ந்து ஊரார் வாங்கியதையும் விற்றதையும், பிரிந்ததையும் சேர்ந்ததையும் தட்டிக்கொண்டிருக்கிறார். ஊருக்கே அவர் டைப் சார். உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் என்பதைச் சொல்லும் சட்டம் போட்ட தாள் தலைக்கு மேல் தொங்கும்.

இரண்டாவது மேசை அக்காவுடையது. அது காலியாக இருந்தது.

பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும். கணவன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய்விட்டதாம்.

“ஒரு எழுத்துதானே சார்? இதுக்குப் போய் இவ்வளவு அலைச்சலா?” என்று அந்த மனைவி அலுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு எழுத்துன்னு சாதாரணமா சொல்லாதீங்கம்மா,” என்றார் அப்பா, விரல்களை நிறுத்தாமல். “ஒரு எழுத்து போனா ஆளே வேற ஆளாயிடுவார்.”

“வேற ஆளானா நல்லாத்தான் இருக்கும்,” என்றார் மனைவி. பெஞ்சு குலுங்கியது.

அவர்கள் எழுந்து போகும் வரை மிளகு வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, கடிதத்தை அப்பாவின் விசைப்பலகை மேல் வைத்தாள்.

அப்பா எதைப் படித்தாலும் உதடு அசையும். முதல் வரிக்கு அசைந்தது. இரண்டாம் வரிக்குப் பாதி அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ஆனால் கண் நகரவில்லை. மிச்சத்தைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாதவர் போல இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இது எப்படி உன் கைக்கு...”

“காலேஜுக்குப் போயிருக்கு. என் பேர்ல. யாருப்பா எழுதினது?”

“நான்தான்,” என்றார் அப்பா. யோசிக்கக்கூட இல்லை. “நான்தான் எழுதினேன்.”

மிளகு அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக இந்த வார்த்தைக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் காதில் விழுந்தபோது வேறு மாதிரி இருந்தது.

“ஏன்ப்பா?”

“நீயும் போயிட்டா வீடு வெறிச்சோடிப் போயிடும்னு...” அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பார்களே, அந்தக் குரல்.

அந்தக் குரல்தான் அவளை உசுப்பியது. ஊருக்கெல்லாம் வாக்குமூலம் தட்டிக் கொடுப்பவருக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை.

“போன செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?”

“இங்கதான். வேற எங்க போவேன்?”

“கண் ஆஸ்பத்திரில இருந்தீங்க. ரெண்டு கண்லயும் சொட்டு மருந்து விட்டு உட்கார வெச்சிருந்தாங்க. என் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் வெளில வந்தீங்க. மத்தியானம் வரைக்கும் என் மூஞ்சி கூடத் தெரியல, மிளகா மிளகாயான்னு கேட்டீங்க. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு மெயில் அனுப்பினீங்களா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொள்ளவில்லை.

“இன்னொண்ணு. இதுல அஞ்சு மாசம்னு இருக்கு. எனக்குப் பத்து மாசம். இருபத்தாறு வருஷத்துல ஒரு நம்பர் தப்பா அடிச்சதில்லைன்னு பெருமை பேசறவர் நீங்க. பொண்ணு விஷயத்துல மட்டும் தப்பா அடிச்சீங்களா?”

“தப்பு இல்ல மிளகு,” என்றார் அப்பா மெதுவாக. “அப்ப அது அஞ்சு மாசம்தான்.”

“எப்ப?”

“அஞ்சு வருஷம் முன்னாடி.”

இதைச் சொன்னது அப்பா இல்லை. வாசலில், இடுப்பில் ஒரு கட்டு வெள்ளைத் தாளை இடுக்கிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள்.

*

அக்காவும் ஒரு காலத்தில் இதே கல்லூரியில் படித்தவள். இதே திட்டத்துக்கு விண்ணப்பித்தவள். பதிலே வரவில்லை என்பது அந்த வீட்டின் பழைய கதை. ‘உன் கடிதத்தை எவனோ பொட்டலம் மடிச்சிட்டான்’ என்று மிளகே பலமுறை கிண்டல் செய்திருக்கிறாள். அக்காவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அக்கா தாள் கட்டைத் தன் மேசையில் வைத்தாள்.

“விசாவுக்கு உன் பிறப்புச் சான்றிதழ் கேட்டாங்கல்ல? அப்பா அதை எங்க சேமிச்சு வெச்சாரோன்னு பழைய ஃபோல்டரா திறந்து திறந்து தேடினேன். ஒண்ணுல என் பேர் இருந்துது. திறந்தா, ஒரு கடிதம். என் கையெழுத்தோட. நான் எழுதாத கடிதம்.” அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை. “வர இயலாமைக்கு வருந்துகிறேனாம். எவர் வற்புறுத்தலும் இல்லையாம். அஞ்சு வருஷமா இதே ரூம்ல, அஞ்சடி தள்ளி உட்கார்ந்து டைப் பண்றேன். என் விதியை டைப் பண்ணி வெச்சிருந்த மெஷின் பக்கத்துலயே இருந்திருக்கு.”

“அதனால?” என்றாள் மிளகு.

“பேரையும் தேதியையும் மாத்தினேன். வேற எதையும் தொடல. தொடத் தோணல. அனுப்பிட்டேன். அவங்க பதில் போட்டதையும் அழிச்சிட்டேன்.”

அவ்வளவு சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

“அவர் உனக்குப் பண்ணினா அவர் சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்க வேண்டியதுதானே?” மிளகின் குரல் உடைந்து மேலே போனது. “என் வாயில ஏன் மண்ணைப் போட்டே?”

“அவர் ஏன் பண்ணினாருன்னு நீயே கேளு.”

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு இருவருமே மங்கலாகத்தான் தெரிந்திருப்பார்கள்.

“அம்மா போய் அப்ப எட்டு மாசம்தான்,” என்றார். “உனக்குப் பதினஞ்சு வயசு மிளகு. அக்கா ஊட்டினாத்தான் சாப்பிடுவே. அக்கா சேலை நுனியைக் கைல சுத்திக்கிட்டுத்தான் தூங்குவே. அவளும் கிளம்பிட்டா உன்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வேற வழி தெரியலம்மா.”

“கேட்டிருக்கலாமே!” அக்கா திரும்பியே விட்டாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்பது மிளகுக்கே அன்றுதான் தெரியும். “போகாதே, தங்கச்சிக்காக இருன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்தக் கடிதத்தை நானே எழுதிக் குடுத்திருப்பேன். சந்தோஷமா எழுதியிருப்பேன்! நீங்க கேக்கவே இல்லையே. எனக்குப் பதில் வரலைன்னு நான் தினம் காலேஜ் வாசல்ல போய் நின்னேன். தெரியும்ல? தினம் சாயங்காலம் ‘வந்துதாம்மா?’ன்னு நீங்களே கேட்டீங்க!”

எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

தனக்காகத்தான் அக்கா நின்றுபோனாள் என்பது மிளகுக்கு உறைத்தது. அது உறைத்த கையோடு வேறொன்றும் உறைத்தது.

“செவ்வாய்க்கிழமை நீ கடிதம் அனுப்பினே,” என்றாள். “வியாழக்கிழமை என்கூட பெட்டி வாங்க வந்தே.”

அக்கா தாள் கட்டின் உறையை நகத்தால் கீறினாள்.

“கறுப்பு வேண்டாம், எல்லார் பெட்டியும் கறுப்புதான், நம்மது எதுன்னு தெரியாதுன்னு கடைக்காரன் எதிர்லயே அரை மணி நேரம் சண்டை போட்டியே அக்கா. நீலம்தான் எடுக்கணும்னு நின்னியே. சக்கரம் சரியா உருளுதான்னு கடை முழுக்க இழுத்து இழுத்துப் பார்த்தியே. எங்கயும் போகாத பெட்டிக்கு எதுக்கு அந்தச் சண்டை?”

“தினம் சொல்லிடலாம்னுதான்...”

“சொல்லல.”

“சொல்லல,” என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

மிளகு படிவத்தை மேசையில் விரித்தாள். ஆறாவது கேள்வியைக் காட்டினாள். பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலைக்கு அக்காவுக்கு ஆணை வந்து பத்து நாள் ஆகிறது. நன்னடத்தைச் சரிபார்ப்பு அடுத்த வாரம். இருபத்தாறு வயதில் இந்தக் கடையை விட்டு வெளியேற அவளுக்குக் கிடைத்த முதல் கதவு. போலிக் கடிதம் என்று ஒரு விசாரணை வந்தால் அந்தக் கதவு அன்றே சாத்திக்கொள்ளும்.

“என் பேரை எழுது,” என்றார் அப்பா.

“உங்க உரிமம் போயிடும்.”

“போகட்டும். எழுதினது நான்தானே? அதுல பொய் ஒண்ணும் இல்லையே?”

மிளகு அக்காவைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். ‘வேண்டாம், அப்பாவை விடு, என் பேரை எழுது’ என்று ஒரே ஒரு வாக்கியம். அக்கா அப்படிச் சொன்னால்கூட மிளகு எழுதியிருக்க மாட்டாள். சொன்னால் போதும் என்றிருந்தது.

அக்கா தாள் கட்டைப் பிரித்தாள். தாள்களின் ஓரத்தை மேசையில் தட்டித் தட்டி ஒன்றுபோல் ஆக்கினாள்.

செவ்வாய்க்கிழமை அனுப்பிய கடிதத்தைவிட இதுதான் ஆழமாக இறங்கியது.

“மணி மூணாச்சு,” என்றாள் மிளகு. “வர்றவங்க வாங்க.”

*

மூன்று பேரும் வந்தார்கள். கல்லூரிப் படியேறும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பழக்க தோஷத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் அவர் முழங்கையைப் பிடித்தன. பிடித்த வேகத்தில் இரண்டும் விட்டுவிட்டன.

அயல்கல்வி அலுவலக வாசல் பெஞ்சில், மடியில் சம்மதப் படிவத்தோடு அலாரம் உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று நாற்பது. நகர்ந்து இடம் விட்டாள். மிளகு உட்காரவில்லை.

உள்ளே போய், நின்றபடியே எழுதினாள். முதல் ஐந்து கேள்விகளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறாவது. கடிதத்தை எழுதியவர் யார்?

கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா ஓயாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. ஃபாரம் என்ன கேக்குதோ அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காததைச் சொன்னீங்கன்னா அதுலேர்ந்து பத்து கேள்வி புதுசா முளைக்கும். இந்தத் தாள், எழுதியவர் யார் என்றுதான் கேட்கிறது. அனுப்பியவர் யார் என்று கேட்கவில்லை.

‘என் தந்தை’ என்று எழுதினாள்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உண்மையை மட்டுமே எழுதி ஒருவரைக் காப்பாற்றவும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கவும் முடியும் என்பதை அவள் அந்த வீட்டில்தான் கற்றிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டபோது வால் சுருண்டு மேலே போகவில்லை. கீழேயே நின்றுவிட்டது.

பாஸ்போர்ட் மேடம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“டைப் சார்? நீங்களா! எங்க வீட்டுப் பத்திரமே நீங்க அடிச்சதுதானே?”

“ஆமாம்மா,” என்றார் அப்பா. இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தன் கடைக்கு வருகிறவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றார். “எழுதினது நான்தான்.”

பாஸ்போர்ட் மேடம் மேலே எதுவும் கேட்கவில்லை. முத்திரையை எடுத்து ஒரு குத்துக் குத்தினார்.

“சீட்டு வேற யாருக்கும் போகாம நிறுத்தி வைக்கிறோம். விசாரணை திங்கட்கிழமை பத்து மணிக்கு. சார், நீங்க நேர்ல வரணும்.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அலாரம் தன் சம்மதப் படிவத்தை நான்காக மடித்தாள். பைக்குள் போட்டாள். “போயிட்டு நல்லபடியா வாடி,” என்று சொன்னாள். அவள் குரல் பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. நடையைக் கட்டினாள். மிளகு கூப்பிட நினைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

சீட்டு கைநழுவாமல் நின்றுவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம் இது. உடம்பில் ஓர் அணுவும் அசையவில்லை. பத்து மாதம் இல்லை, பத்து வருடம் எங்கேயாவது போய்விட வேண்டும்போல இருந்தது.

“வாங்கப்பா, போலாம்,” என்றாள், அக்காவைப் பார்க்காமல்.

அக்கா நகரவில்லை.

“மேடம்,” என்றாள். “எனக்கும் ஒரு ஃபாரம் வேணும்.”

“உனக்கா? நீ எந்தத் துறைம்மா?”

“இப்ப மாணவி இல்ல. அஞ்சு வருஷம் முன்னாடி இங்கதான் படிச்சேன். பழைய மாணவி எழுதக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா?”

பாஸ்போர்ட் மேடம் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அப்படி ஒண்ணும் போடலை,” என்று நீட்டினார். “எந்தக் கடிதத்தைப் பத்தி எழுதப்போறே?”

அக்கா படிவத்தை வாங்கிக்கொண்டாள். தாளை மேசையில் வைத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள கேள்விகளை விரலால் தாண்டி, நேராக ஆறாவதில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய கடிதமா, போன செவ்வாய்க்கிழமையுடையதா? அவள் எழுதப்போவது அப்பாவின் பெயரா, தன் பெயரா? மிளகு அக்காவின் முகத்தில் தேடினாள். பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகம். ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை.

“பேனா குடுங்கப்பா,” என்று அக்கா கையை நீட்டினாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எடுத்த கை ஒரு கணம் நெஞ்சோடு நின்றது. பிறகு, மகளுக்குச் சிரமம் வேண்டாம் என்பது போல, மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார்.